அக்காவின் ஏகாதசிக் கஞ்சி

எங்கள் அக்கா எழுபது தாண்டியும் சாலைக் கம்போளத்தில் பேரம் பேசி, வாழைக்காய்ச் சீப்பைத் தானே தூக்கி வருகிறவள். வலியசாலை வீட்டில் நானும் அவளும்தான். ஏகாதசி என்றால் துளசித் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகாது. ஆனால் விரதம் என்று யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். சொல்லிக் காட்டினால் பலன் போய்விடுமாம். அவளுக்கும் சேர்த்து நான்தான் தெருவெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

போன கோடையில் சில காலைகளில் அவள் ரவிக்கையும் தலையணையும் வேர்வையில் பிழிகிற மாதிரி நனைந்திருந்தன. கொடியில் விரிப்பைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, "வயசானா உடம்பு தானே ஸ்நானம் பண்ணிக்கும், கேட்டேளா" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பிறகு ஒருநாள் கம்போளத்தில் அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கியது. எனக்குச் சிரிப்பு நின்றது. அப்படியே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்ன வயது மலையாளிப் பெண். வயதானவர்களுக்கு ராத்திரி வேர்த்தால் சும்மா விடக்கூடாது என்று ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எழுதினாள். பிறகு, "நேத்து ராத்திரி அம்மா என்ன கழிச்சு?" என்று சாப்பாட்டை விசாரித்தாள்.

"வழக்கம்போலத்தான்" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. நேற்று ஏகாதசி. விரிப்பு நனைந்ததெல்லாம் ஏகாதசிக்கு மறுநாள் காலையில்தானே!

"பொய் சொல்லாத அக்கா. டாக்டர், நேத்து முழுக்கப் பட்டினி. துளசி ஜலத்தோட ஷுகர் மாத்திரை மட்டும் முழுங்கினா."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

"அய்யோ அம்மே! ஆகாரம் இல்லாம குளிகை மட்டும் போனா ஷுகர் தாழும். வேர்த்துக் கொட்டும். உறக்கத்துல எழுந்திருக்காமலே போயிடும்!"

மற்றப் பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றினாள். இனி அதை முழுங்குகிற நாளில் பட்டினி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினாள். ஆட்டோவில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் பலனைக் கெடுத்துட்டியேடீ."

"பலன் போனா அடுத்த ஏகாதசிக்கு வரும். நீ போனா எப்ப வருவே?"

அடுத்த ஏகாதசிக்கு என்ன செய்யப்போகிறாளோ என்று எனக்குள் பயம்தான்.

அடுத்த ஏகாதசியன்று சாயங்காலம் அவளே கோதுமைக் கஞ்சி வைத்தாள். கிண்ணத்தோடு வாசல் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன மாமி, விரதம் விட்டாச்சா?" எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"விடலை. அரிசிதானே ஆகாது, கோதுமைக்கு என்ன? உங்காத்து மாமாவும் ஏகாதசி விடாதவர், ஷுகர் மாத்திரையும் முழுங்கறவர். இன்னிக்கு என்ன சாப்பிட்டார்?"

அக்கா கஞ்சிக் கிண்ணத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"வெட்கப்படாம சொல்லுங்கோ. நானே சொல்லிட்டேன்!"

விரதத்தைப் பற்றி வாயே திறக்காத என் அக்கா தெருவுக்கே கேட்கிறபடி பேசுகிறாள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அடுக்களையில் வாணலி விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே கோதுமை ரவை வறுபடும் வாசனை தெருவைத் தாண்டி வந்தது.