அப்பா கண்டித்த சாமி படம்

எங்கள் அப்பாவைப் போல அந்தச் சாமி படத்தை ஒன்றிப்போய்ப் பார்த்த ஆள் அரியலூர் வட்டாரத்திலேயே கிடையாது. இத்தனைக்கும் அவர் கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்.

பகலில் சுண்ணாம்புக்கல் குவாரியில் மேஸ்திரி. பொழுது சாய்ந்தால் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு பேச்சாளர் ஆகிவிடுவார். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. சிவபெருமான் கதை. கொட்டகைக்காரன் டிக்கெட் கிழிக்கும் இடத்தில் தட்டு நிறைய விபூதி வைத்திருந்தான். சனங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனார்கள். திரையில் சாமி வந்ததும் பெண்கள் பக்கத்தில் சூடம் எரியும். ஆபரேட்டர் பயந்துபோய் ஓடிவருவான்.

அப்பா முதல் நாளே போனார். “எதிரி என்ன சொல்றான்னு தெரிஞ்சாத்தானே கண்டிக்க முடியும்?” என்றார். நியாயம்தானே. மறுநாளும் போனார், முதல் நாள் கண்டிக்க விட்டுப்போனதைக் கண்டிப்பதற்காக. அப்புறம் ஒவ்வொரு நாளும் கண்டிக்க ஏதாவது பாக்கி இருந்துகொண்டே இருந்தது. படம் ஊரை விட்டுப் போவதற்குள் வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். குளிக்கும்போதுகூட சிவபெருமான் குரலில்தான் தண்ணீர் கேட்பார். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டார் கொள்கைக்காக!

அம்மா கல்லங்குறிச்சியில் பிறந்தவள். பெருமாள் கோயில் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கோயிலும் போச்சு, விரதமும் போச்சு. அந்தப் படத்தையாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

“ஏங்க, பக்கத்து வூட்டு அக்காவோட நானும் போயிட்டு வந்துடறேங்க.”

“பேச்சாளன் பொண்டாட்டியே சாமி படம் பாத்தான்னா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? போகக் கூடாது.”

அவர் போனால் ஆராய்ச்சி, அம்மா போனால் மூடநம்பிக்கை. அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த மிளகாயை போட்டு அரை அரையென்று அரைத்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்தால் உதைதான்.

அந்த வாரமே கடைத்தெரு முக்கில் அப்பாவின் கண்டனக் கூட்டம். வழக்கமாக அவர் பேச்சைக் கேட்க மைக்செட்காரரும் இரண்டு போலீஸ்காரர்களும் இருப்பார்கள். அன்று பார்த்தால் பெண்கள் கூட்டம் அள்ளுகிறது. படத்தை முழுசாகச் சொல்கிறாராம், டிக்கெட்டும் வேண்டாமாம் என்று பேச்சு பரவியிருந்தது. அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். கூட்டத்துக்குப் போக அவளுக்குத் தடை இல்லை.

அப்பா சாமி மாதிரியே நடந்தார், கண்ணை உருட்டினார், வசனம் பேசினார். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும், “இதெல்லாம் புளுகு தாய்மார்களே!” என்று சேர்த்துக்கொண்டார். அதை யார் கேட்டார்கள்? கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது. ஒரு அம்மாள் மேடைக்கு முன்னால் சூடத்தையே கொளுத்திவிட்டாள். கட்சிச் செயலாளர் பாய்ந்து வந்து மிதித்து அணைத்தார்.

அப்புறம் அந்த யாகக் காட்சி வந்தது. மாமனார் வீட்டு யாகத்துக்குச் சிவனுக்கு அழைப்பில்லை. அப்பன் வீட்டுக்குப் போகக் கிளம்பிய மனைவியை அவர் தடுக்கிறார். அப்பாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“அழைப்பு இல்லியா, நீ போகாத! அந்தம்மா ஆசைப்படுது, போவட்டுமே! போகாதேன்னு சொல்ல நீ யாரு? பொண்டாட்டிக்குன்னு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? கட்டிப்போட்டு வைக்க அவ என்ன மாடா?”

அடேயப்பா, என்ன கைதட்டல்! எல்லாரும் ஓய்ந்த பிறகும் அம்மா மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா தலைக்குக் கனகாம்பரம் வைத்து, எனக்கும் பின்னிவிட்டுப் புறப்பட்டாள். அப்பா அப்போதுதான் குவாரியிலிருந்து வந்திருந்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“சாமி படத்துக்கு.”

“போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“நேத்து ஊரக் கூட்டி வச்சு மைக்குல கேட்டீங்களே, போகாதேன்னு சொல்ல நீ யாருன்னு. எனக்குப் பதில் தெரியலீங்க. நீங்களே சொல்லுங்க.”

மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். நாங்கள் போய்விட்டோம்.

கொட்டகை மணலில் உட்கார்ந்து அம்மா சிரித்தாள், அழுதாள், பாட்டு வந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. யாகக் காட்சியில் மட்டும் அவள் கும்பிடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

“எப்படி இருந்துச்சு?” என்றார். அவரே எடுத்த படம் மாதிரி கேட்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தம்மா அவ்வளவு பட்டும், நான் தடுத்தது தப்புன்னு அவரு ஒரு வார்த்த சொல்லலீங்க.”

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. “அதத்தான்டி நானும் மேடையில சொல்றேன்!”

“ஆமா. மேடையில சொல்லுவீங்க.”

அம்மா உள்ளே போய்ச் சோறு போட்டாள். அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த கூட்டம் ஆலத்தியூரில். எங்களையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். படக்கதை முழுக்கச் சொன்னவர் யாகத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டார். சனங்கள் விடுவார்களா? “அந்தம்மா அப்பன் வூட்டுக்குப் போனதைச் சொல்லாம விட்டுட்டீங்களே!” என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் சோடா குடித்தார். பிறகு கீழே, அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

“போனாங்க” என்றார். “அவரு தடுத்தாரு. தடுத்தது தப்பு.”

தப்பு என்று அப்பா வாயால் அம்மா கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் மைக் இல்லாமல் சொல்ல அவருக்கு வரவில்லை.