செதில்களுக்குள் ஒரு தாய்

மகள் பிறந்து நாலு மாதம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, எப்போதும்வென்றான் பக்கம் கணவரின் ஊரில் இருந்தேன். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவளுக்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் கணவரும் அவருடைய அக்காவான என் மதினியும் மிளகாய்ப் பழம் பறிக்கக் கிளம்பியபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் புஞ்சைக்குப் போனேன்.

புஞ்சை ஓரத்தில் மழைத்தண்ணீரைத் தேக்க வெட்டிய குட்டை வற்றிக் கிடந்தது. அடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் தார்ப்பாய் மட்டும் வெயிலில் மினுங்கியது. அந்தப் பக்கம் போன மதினி சத்தம் போட்டார்.

“ஏட்டி, இங்கன வந்து பாரு! என்னமோ சுருண்டு கெடக்குது!”

குட்டைக்குள் பூசணிக்காய் அளவில் ஒரு பந்து. உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தாற்போல அடுக்கடுக்காகச் செதில். தார்ப்பாயெல்லாம் நகம் கீறிய கோடுகள். இரவெல்லாம் ஏறிப் பார்த்து, வழுக்கி வழுக்கி விழுந்திருக்கிறது.

“ஏட்டி, பாம்பா?”

“இல்ல மதினி, எறும்புத்தின்னி. அழுங்குன்னு சொல்லுவாங்கள்லா, அது.”

“செதிலு இருக்குதே. அப்போ பாம்பு, உடும்பு சாதிதான?”

“இல்ல மதினி, இது பாலூட்டி. நாய், ஆடு, மாடு, நம்ம எல்லாரும் இருக்கிற கூட்டம்.”

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நம்மளா?”

புத்தகத்தில் படித்ததைத்தான் சொன்னேன். நானும் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். கண்முன்னால் அந்தச் செதில்களைப் பார்த்தபோது என் வார்த்தையை எனக்கே நம்ப முடியவில்லை.

கணவர் வனத்துறைக்குப் போன் பண்ணினார். வர நேரமாகும், யாரும் தொட வேண்டாம் என்றார்களாம். இரண்டு சாக்கைத் தண்ணீரில் நனைத்து, கம்பு நட்டு, அதன் மேல் நிழலாகக் கட்டினார். நாங்கள் கரைமேல் வேம்பு நிழலில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.

வெயில் சாயும்போது பந்து லேசாக நெகிழ்ந்தது. முதலில் கூரான மூக்கு வந்தது. பிறகு, மணி போன்ற கறுப்புக் கண். வால் மெல்ல விலகியதும் எட்டிப் பார்த்தேன். வயிற்றின் மடிப்புக்குள் ஒரு குட்டி! செதில் இன்னும் முற்றாமல், வெளிறிப் போய், நகம் மாதிரி மெல்லிசாக இருந்தது. அது தலையைத் தூக்கித் தாயின் நெஞ்சைத் தேடியது. கவ்வியது.

“ஏட்டி,” மதினியின் குரல் கிசுகிசுத்தது. “மாருல பால் குடிக்குது!”

எனக்குள் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்; அவள் அழவில்லை, கேட்கவும் இல்லை. குட்டி உறிஞ்சுவதைப் பார்த்ததற்கே என் உடம்பு பதில் சொல்லிவிட்டது. நானும் அதுவும் ஒரே கூட்டம் என்பதை அன்றுதான் என் உடம்பு எனக்குச் சொன்னது.

வனத்துறைக்காரர்கள் வந்து தாயையும் குட்டியையும் சேர்த்தே தூக்கினார்கள். தூக்கும்போது அதன் அடிவயிறு தெரிந்தது. அங்கே செதிலே இல்லை. இளஞ்சிவப்புத் தோலில் அங்கங்கே மெல்லிய முடி.

குருமலைக் காட்டில் விடுவதற்கு அவர்களோடு கணவரும் போனார். இருட்டும் நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. “எறக்கி விட்டதும் கொஞ்ச நேரம் அசையவே இல்ல. அப்புறம் குட்டி வாலுமேல ஏறிப் படுத்துக்கிட்டுது. தாய் மெதுவா நடந்து பொதருக்குள்ள போயிட்டுது.”

நான் அதைச் சொன்னதும் மதினி மிளகாய்ச் சாக்கைக் கட்டுவதை நிறுத்தினார்.

“ஏட்டி, வௌவாலும் நம்ம கூட்டமா?”

“ஆமா மதினி. அதுவும் குட்டிக்குப் பால் குடுக்கும்.”

“வேற எது?”

“திமிங்கலம்.”

“கடலுக்குள்ளயா?” மதினி கண்ணை விரித்தார். “அம்மாடி! தண்ணிக்குள்ள எப்படிட்டி பால் குடுக்கும்?”

எனக்குத் தெரிந்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டுக்குப் போகும் நினைப்பே இருவருக்கும் இல்லை.