பெயர் வைக்காத ஆள்

என் அக்கா வேதவல்லி, எங்கள் ஊர் ஆற்றோரத்து அலோன் படகுத்துறைக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே சிறுகதை எழுதினாள். கதையில் யாருக்கும் பெயர் வைக்க மாட்டாள். முதல் கதையில் வைத்ததற்கு, “எங்க வீட்டு ஆளையா எழுதின?” என்று தெருவே சண்டைக்கு வந்துவிட்டது. அன்றோடு விட்டாள்.

போன வருடம் அவளுக்குப் பரிசு வாங்கிக்கொடுத்த கதையும் அப்படித்தான். காது கிழிந்த மூட்டைதூக்கி ஒருவன் ஆற்றில் விழுந்து சாகிறான். பிணம் கிடைக்கவில்லை. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நகரத்துக்குள் கியாக்டடாவில் பரிசளிப்பு விழா முடிந்து திரும்பியபோது தெருமுனை டீக்கடைக்காரர் எங்களை நிறுத்தினார். அக்காவைப் பர்மிய மரியாதையில் ‘டோ’ போட்டுத்தான் சொல்வார்.

“டோ வேதவல்லி வீடு எதுன்னு ஒரு ஆளு கேட்டாம்மா. கைலியெல்லாம் ஈரம். ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு.”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“சாகடிச்சேன். கருமாதி பண்ணாம விட்டுட்டேனேடி” என்றாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கதையில் செத்தவனுக்கு எவளாவது கருமாதி செய்வாளா? ஆனால் மறுநாளிலிருந்து காலையில் எங்கள் வாசற்படி ஆற்றுச்சேறாகக் கிடந்தது. கழுவிக் கழுவி என் கைதான் ஓய்ந்தது. கடைசியில் ஐயரை நானே கூட்டிவந்தேன்.

அவர் எள்ளையும் தண்ணீரையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: “இறந்தவர் பேரு?”

அக்கா வாசற்படிப் பக்கம் திரும்பினாள்.

வாசற்படியிலிருந்து ஓர் ஆண்குரல் பணிவாகச் சொன்னது:

“இன்னும் வைக்கலைங்க சாமி. என்னை எழுதின எங்கம்மாதான் வைக்கணும்.”