தலைகீழ் மாப்பிள்ளை

முப்பத்து நான்கு வயதுக்குள் பதினோரு வீடுகளில் போண்டா சாப்பிட்டவன் நான். எல்லாம் பெண் பார்க்கப் போன வீடுகள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "ரொம்ப சந்தோசமுங்க. கலந்து பேசிப்போட்டுச் சொல்றமுங்க." எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அந்தப் பதினோரு குடும்பங்களும் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாவது இடம் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு முதலில் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், பிடித்திருந்தால் நேரில் வரட்டும் என்று பெண் வீட்டார் தரகரிடம் சொல்லியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் ஜாதகத்தையே வெளியே எடுக்கப்போவதில்லை என்று அம்மா அறிவித்துவிட்டாள்.

புத்தியுள்ளவன் அந்த வாரம் லேப்டாப்பைத் தொட்டிருக்கமாட்டான். நான் சனிக்கிழமை காலை அதிலிருந்த இயங்குதளத்தை அழித்துவிட்டு, வேகமானது என்று பேர்பெற்ற லினக்ஸை ஏற்றினேன். பழைய லேப்டாப், திறந்து வருவதற்குள் ஒரு ஈடு இட்லி வெந்துவிடும். நல்ல நாளில் அது மானத்தை வாங்கிவிடக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

லினக்ஸ் அரை நிமிடத்தில் திறந்தது. வைஃபை மட்டும் இல்லை. அப்படி ஒரு பொருள் இந்த உலகத்தில் இருப்பதே தனக்குத் தெரியாது என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. என் போனை வயர் போட்டு இணைத்து நெட் வாங்கினேன். அதனால் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போனும் கட்டுண்டு போனது. அடுத்து சத்தம் வரவில்லை. இரண்டு மணி நேரம் எதையெதையோ தட்டச்சு செய்து தேடிய பிறகுதான், ஒலி அமைப்பில் ஒரு இடத்தில் மியூட் ஆகியிருந்தது தெரிந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் டிசைன் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். வெட்கமாக இருந்தது. கேமராவைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் மட்டும் வரவேயில்லை.

ஞாயிறு பத்தரைக்கு அழைப்பு வந்தது. திரை நிறைய பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன். மூலையில் சின்னக் கட்டத்தில் நான், தலைகீழாக. எங்கள் வீட்டு ஃபேன் தரையில் சுற்றிக்கொண்டிருக்க, நான் மேலேயிருந்து வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேர்த்துவிட்டது. "மாமா, நான் நல்லாத் தெரியறனுங்களா?" என்று கேட்டேன்.

"ஓ, பளிச்சுன்னு தெரியறீங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

"கண்ணுக்கு நெறைவா இருக்குதுங்க" என்றார் பெண்ணின் அம்மா.

சரி, எனக்கு மட்டும்தான் இப்படிக் காட்டுகிறது போலிருக்கிறது என்று நிம்மதியானேன். வேலையைப் பற்றிக் கேட்டார்கள், தென்னந்தோப்பைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாகவே பதில் சொன்னேன். தாய்மாமன் மட்டும் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, கடைசியில் காதைத் தோளோடு ஒட்டவைத்துவிட்டார். பாவம், கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கொண்டுவந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா "ஐயோ, சிந்தப்போகுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் பெண் வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க தலைகீழா இருக்கறீங்க."

"அம்மணி!" என்று மூன்று பேரும் சேர்ந்து அதட்டினார்கள்.

"இருக்கறாருங்களே அப்பா. எத்தனை நேரமா இப்படி?"

"ஒரு இருவது நிமிசம் இருக்குமுங்க" என்றார் தாய்மாமன், கழுத்தை நிமிர்த்தாமலே. "அவங்க ஊட்டு வழக்கம் என்னவோன்னு நான் கேட்டுக்கல."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பதினோரு வீடுகளில் ஒருத்தர்கூட என்னிடம் உள்ளதைச் சொன்னதில்லை. லினக்ஸ் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப லேப்டாப்பையே கவுத்து வைங்க" என்றாள்.

கவிழ்த்தோம். திரையின் மேல்விளிம்பு மேசையில் நிற்க, கீபோர்டு கூரை மாதிரி என் நெற்றிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. விட்டால் சாயும். அதனால் என் அப்பா பக்கத்தில் நின்று, சாமிக்குக் குடை பிடிக்கிற பயபக்தியோடு அதைப் பிடித்துக்கொண்டார். கோபிசெட்டிபாளையத்தில் நான் நேரானேன். தாய்மாமன் கழுத்தும் நேரானது. இந்தப் பக்கம் என் திரையில் அவர்கள் குடும்பமே தலைகீழாகத் தொங்கியது. வருங்கால மாமனாரின் மீசை அவர் மூக்குக்கு மேலே இருந்தது.

"இப்பத்தான் லட்சணமா இருக்குது" என்றாள் அவள். பிறகு நிதானமாகக் கேட்டாள். "உங்களுக்கு நாங்க எப்படித் தெரியறமுங்க?"

பின்னாலிருந்து அம்மா என் முதுகில் கிள்ளினாள். நல்லாத் தெரியறீங்க என்று சொல்லடா என்பது அந்தக் கிள்ளலின் பொருள். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. முப்பத்து நான்கு வருடங்களாக அப்படித்தானே பேசிப் பழக்கம்.

"எல்லாரும் தலைகீழா இருக்கறீங்க" என்றேன். "மாமா மீசையத்தான் சிரிக்காமப் பாக்க முடியலைங்க."

அந்தப் பக்கம் தலைகீழ் முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மறுபடியும் மியூட் ஆகிவிட்டதோ என்று பயந்தேன். அப்பா என்னை முறைக்கத் திரும்பியதில் கூரை ஆடியது. கலந்து பேசிப்போட்டுச் சொல்றமுங்க என்ற அந்த வாக்கியத்துக்காக மனதைத் தயார்செய்துகொண்டேன்.

அவள் தன் அப்பா பக்கம் திரும்பினாள்.

"கலந்தெல்லாம் பேச வேண்டாமுங்க அப்பா. எனக்கு இவரே போதும்."