இடப்பக்கத்தில் கேட்ட தட்டல்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாமல் போகட்டும். நட்டநடுப் பகலில், வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருந்த வேளையில், இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளே என்னிடம் சொன்னாள். எதையும் மிகைப்படுத்தாமல், வேலைக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் நம்பினேன்.

அவளும் அண்ணனும் ஹெட்ஃபோன் பழுதுபார்ப்பவர்கள். ஒரே அறை, எதிரெதிர் மேசைகள். முன்பு அவள் கணவனும் அவர்களோடு வேலை பார்த்தான். பழைய பட்டறையைக் காலி செய்த வாரத்தில் அவன் காணாமல் போனான். "எவளோடயோ ஓடிட்டான். தலைமுழுகு," என்றார் அண்ணன். அவள் நம்பினாள், கணவனை மனதாரச் சபித்தாள். ஆனாலும், உண்மையிலேயே ஓடித்தான் போனானா என்ற கேள்வி முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று வந்தது பிளானர் வகை ஹெட்ஃபோன். அதன் ட்ரைவரில், அதாவது ஒலி எழுப்பும் பாகத்தில், கூம்பு கிடையாது. காந்தப் பட்டைகளுக்கு நடுவே, மின்தடம் பதித்த மெல்லிய படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் கரகரத்தது. கேபிளை இடம்வலமாக மாற்றிப் போட்டாள். கரகரப்பு கேபிளோடு நகரவில்லை, இடப்பக்கத்திலேயே நின்றது. அப்படியென்றால் குற்றம் ட்ரைவரில்தான்.

"படலத்துல முடி ஒட்டியிருக்கும், ஊதிப் பாரு."

"உன் முடியா இருக்காது. உனக்குத்தான் கொட்டுறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லையே."

அண்ணன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

ஊதினாள். முடி இல்லை. படலத்தில் சுருக்கமும் இல்லை. கரகரப்பு மட்டும் இருந்தது... யாரோ மூச்சு வாங்குவதுபோல.

இவ்வகை ட்ரைவரைக் கணினியின் மைக் துளையில் இணைத்தால் அதுவே மைக் ஆகிவிடும். பாடுவதை விட்டுக் கேட்கத் தொடங்கும். கணினியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு, நகத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது கணவன் கற்றுத்தந்த சோதனை. தட்டல் தெளிவாகக் கேட்டால் மின்தடம் நலம். அவள் இணைத்தாள், பதிவைத் தொடங்கினாள். ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

டொக்... டொக்...

அவள் இன்னும் தட்டவில்லை.

ட்ரைவரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

டொக். டொக். டொக்.

கனத்த கதவொன்றை உள்ளிருந்து தட்டும் ஓசை.

பிறகு, குரல்.

"மச்சான்... விளையாடாதீங்க... கதவைத் திறங்க..."

கணவனின் குரல். அவனுக்கு மச்சான் ஒருவர்தான்.

நிமிர்ந்தாள். அண்ணன் முகத்தில் பயம் இருந்தது. வியப்பு இல்லை.

"நிறுத்துடி."

"அண்ணே... எந்தக் கதவு?"

அண்ணன் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார். திரும்பவில்லை.

பழைய பட்டறையில் கனத்த கதவு போட்ட, ஒலி புகாத சோதனை அறை ஒன்று உண்டு. காலி செய்துவிட்டதாக அண்ணன் சொன்ன அந்த இடத்தில் இன்னும் அவருடைய பூட்டுதான் தொங்கியது. அவள் சொல்லிக் காவலர்கள் வந்து உடைத்தார்கள்.

கணவன் ஓடிப்போகவில்லை. அந்த அறைக்குள், கதவை ஒட்டியே கிடந்தான்.

ட்ரைவரை வேறொருவர் சோதித்தார். பழுதே இல்லை என்றார்.

காவல் நிலையத்தில் அவள் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். அதில் தட்டல் இல்லை. கணவனின் குரல் இல்லை. இருந்தது அண்ணனின் குரல் மட்டும். அன்று மேசையருகே அவர் பேசாத சொற்கள். அவளைச் சாப்பிடக் கூப்பிடுவாரே, அதே கனிவு.

"இருங்க மாப்ள... சாவி எடுத்துட்டு வந்துடறேன்."

அதற்குப் பின், அவசரமே இல்லாமல் விலகிப்போகும் காலடிகள்.