பரீட்சையின் முதல் கேள்வி

என் வீட்டுக்காரர் இருபது வருஷமா ஆபீஸ் ஆபீஸாப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். சர்டிஃபிகேட் இல்லாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட, இப்போது பரீட்சைக்குப் படிக்கிறார். புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற தலைவலி எனக்கு.

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை. முதல்ல என்ன செய்வீங்க?"

"பிளக்கைப் பார்ப்பேன்."

"தப்பு. என்ன நடந்ததுன்னு அதை வச்சிருக்கிறவங்ககிட்ட விசாரிக்கணுமாம்."

மனுஷனுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "எவன் உண்மையைச் சொல்றான்? எல்லாருக்கும் ஒரே பாட்டுதான், 'நான் ஒண்ணுமே பண்ணலை'ன்னு."

காலை உதறிக்கொண்டு எழுந்தார். மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த எங்கள் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

புத்தகத்தில் இருந்தபடியே விசாரித்தேன். "என்னங்க நடந்தது?"

பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்த வயர் கணுக்காலில் சுற்றியிருக்க, சொன்னார்: "நான் ஒண்ணுமே பண்ணலை."