எடை குறைக்க வந்த குச்சிப் பெண்கள்

பிசியோதெரபி என்பது, வலிக்கிறது என்று வருகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வலியைக் கொடுத்து, மறுநாளும் வரச் சொல்லும் தொழில். இதில் இருப்பவர்களுக்கும், எங்களிடம் கையைக் காலை நீட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இராது. ஆனாலும் சொல்வேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் புனேயில் ஔந்து என்கிற பகுதியில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தேன். அங்கே என்னை வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்லாதவர்கள் குறைவு.

அதிரும் மேடை

கிளினிக்கை நடத்திய மேடம் மராத்திக்காரர். ஒருநாள் புது மெஷின் ஒன்றை இறக்கினார். எடை பார்க்கும் மெஷின் போல ஒரு மேடை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. சுவிட்சைப் போட்டால் மேடை சன்னமாக அதிரும். முழங்காலை லேசாக மடித்துப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். அதிர்வில் தசை இறுகும், எலும்புக்கும் வேலை கிடைக்கும் என்பது நம்பிக்கை. இது மட்டும் போதாது, எடை தூக்க வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்வேன். பாதிப் பேருக்கு அங்கேயே முகம் சுருங்கிவிடும்.

தோள்வலிக்கு வந்துகொண்டிருந்த தமிழர் ஒருவர், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குத் தினமும் போய்வருகிறவர், ஆசையாக ஏறி ஒரு நிமிஷம் நின்றார். இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இதுக்கு எதுக்குங்க மெஷின்? எங்க கம்பெனி பஸ்ஸுல காலையிலயும் சாயங்காலமும் இதைத்தானே பண்றேன்."

எதற்காக வந்தீர்கள்?

கவுண்டரில் ஒரு ரிஜிஸ்டர் எப்போதும் திறந்தே கிடக்கும். அது எங்கள் தப்பு. பெயர், நேரம், எதற்காக என்று மூன்று கட்டங்கள். வருகிறவர்களே எழுத வேண்டும். கல்யாணமாகாத பெண்ணோடு அம்மாவும் வந்தால் மூன்றாவது கட்டத்தை நான் பார்க்கவே வேண்டாம். 'எடை குறைக்க' என்றுதான் இருக்கும். காற்றடித்தால் பறந்துவிடும் போலிருக்கும் பெண்களெல்லாம் எங்கள் ரிஜிஸ்டரில் குண்டுப் பெண்கள்.

கோயம்புத்தூர் சுதாவும் அப்படித்தான். இருபத்துமூன்று வயது, சாஃப்ட்வேர் வேலை. ஸ்கூட்டியை நிறுத்தப்போன இடத்தில் சாய்ந்து விழுந்தாள். அதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த டாக்டர், வயதுக்கு மீறி எலும்பு மெலிந்திருக்கிறது, இப்போதே கவனிக்காவிட்டால் அடுத்தது இடுப்பாகக்கூட இருக்கலாம் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார். ஹாஸ்டல் நாளிலிருந்து காபியும் பிஸ்கட்டுமாக இளைத்த உடம்பு. மகளைப் பார்த்துக்கொள்ளவும் மாப்பிள்ளை பார்க்கவும் அம்மா புனேக்கு வந்திருந்தார். முதல் நாள் பேனாவை எடுத்து அவரே எழுதினார், 'எடை குறைக்க'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது பொய் இல்லையா என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "எலும்புன்னு எழுதீட்டா நாளைக்கு யாரு கண்ணு பொண்ணு கேட்டு வருவாங்க? எடைன்னா அதுல மானம் போகாதுங்க."

போர்டு

இந்த லட்சணத்தில் மேடம் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். 'நின்றால் போதும், இளைக்கலாம்.' மறுநாள் காலை நான் அதைக் கழற்றி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். எலும்பே தேய்ந்துபோய் நிற்கிற பெண்ணை இன்னும் இளைக்கலாம் வா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. வேலை போனால் தாபோடியில் அப்பா வீடு இருக்கிறது, இரண்டு பஸ் தூரம்தான் என்று துணிந்துவிட்டேன். மேடம் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு மராத்தியில் நிதானமாகச் சொன்னார்: "உனக்கு வியாபாரம் தெரியாது. ஆனால் நீ திட்டி அனுப்பும் பெண்கள்தான் மறுபடி வருகிறார்கள். போர்டு அங்கேயே இருக்கட்டும்."

மாப்பிள்ளையின் அத்தை

சுதாவுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவானது. பையன் வீடும் ஔந்தில்தான். பெண் பார்த்துப்போன பத்தாம் நாள், முழங்கால் வலி என்று எங்கள் கிளினிக்குக்கு வந்தவர் பையனின் அத்தை. பெயர் எழுதப்போனவர் கண்ணில் மேலே முந்தாநாள் வரி ஒன்று பட்டது. சுதா, ஆறு மணி, எடை குறைக்க.

ஏற்கெனவே குச்சி மாதிரி இருக்கிறாளே, இன்னும் எதைக் குறைக்கப் போகிறாள், சாப்பாட்டைக் கண்டாலே ஆகாத பெண்ணா என்று அவர் என்னைக் கேட்டார். மானத்தைக் காப்பாற்ற எழுதிய பொய்யே மாப்பிள்ளை வீட்டுச் சந்தேகமாக வந்து நின்றது. ஒரு பெண்ணின் உடம்பு விஷயத்தை அடுத்தவரிடம் சொல்வதற்கில்லை. பொய் சொல்லவும் எனக்கு வராது. முதலில் முழங்காலைக் காட்டுங்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து சுதாவும் அம்மாவும் உள்ளே வந்தார்கள். அத்தை அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், சொல்லிவிடாதே என்பதுபோல. சுதா யாரையும் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரை இழுத்து, அன்றைய வரியில் தன் பெயரை எழுதி, மூன்றாவது கட்டத்தில் பெரிதாக 'எலும்பு' என்று எழுதினாள். முந்தைய பக்கங்களைப் புரட்டி, அம்மா எழுதியதை ஒவ்வொன்றாக அடித்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பேனாவை மூடிவிட்டு அத்தையிடம் சொன்னாள்: "எனக்கு எலும்பு மெலிஞ்சிருக்குங்க. அதுக்குத்தான் வர்றேன். இப்ப பத்து நிமிஷம் நிக்கோணும். நின்னுட்டு வர்றேன், இருந்தீங்கன்னா மிச்சத்தப் பேசலாம்."

மூன்றாவது கட்டம்

அத்தை இருக்கவில்லை. அந்தச் சம்பந்தமும் நடக்கவில்லை. சுதாவின் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மகளைக் கெடுத்தவள் நான்தான் என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் வருத்தம் தெரிவிக்கவில்லை. சுதா வாரம் மூன்று நாள் தவறாமல் வந்தாள், எடை தூக்கினாள், மத்தியானம் டப்பா நிறையச் சாப்பிட்டாள். அடுத்த ஸ்கேனில் எலும்பு மேலும் இறங்கவில்லை என்றார் டாக்டர். மேடையா, டப்பாவா, எது காரணம் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரமே அம்மா தனியாக வந்தார். ரிஜிஸ்டரில் தன் பெயரை எழுதி, மூன்றாவது கட்டத்தில் 'எலும்பு' என்று அழுத்தமாக எழுதினார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையருகே போய் நின்றுகொண்டு சொன்னார்: "என்னையும் ஏத்தி உடு கண்ணு. என்னை இனி யாரு பொண்ணு பார்க்க வரப் போறாங்க."

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, ஒரு பெண்ணை அந்த மேடையில் பத்து நிமிஷம் நிற்கவைக்க ஒரு சுவிட்ச் போதும், எதற்காக நிற்கிறோம் என்று அவளை எழுதவிடத்தான் ஊருக்கே பிசியோதெரபி தேவைப்படுகிறது.